முன்னங்கால் தோல்

அந்த ஓரத்தை விட்டுடாதடி, இழுத்துப் பிடி. ஈரத் தோலு, கொஞ்சம் விட்டாலும் சுருண்டுக்கும். என்ன, அழுவுறியா? புகையா? சரி, புகைன்னே வெச்சுக்குவோம். எனக்கும் கண்ணு எரியுது.

ஊறல் வாசனை சரியா இருக்கா பாரு, மூரின். எனக்குப் புளிப்பு தூக்கலா அடிக்கிற மாதிரி இருக்கு. காலையில இருந்து மூணு வாட்டி மோந்து பாத்துட்டேன், மூக்கே மரத்துப் போச்சு. இத்தனை பேரைக் கூப்பிட்டு மது புளிச்சுப் போச்சுன்னா, வர்றவளுக எல்லாம் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு என்னைத்தான் பாப்பாளுக. ஹால்கெல் பொண்டாட்டிக்கு மனசு புளிச்சிருக்கு, அதான் மதுவும் புளிச்சிருக்குன்னு ஒருத்தி சொல்லுவா, மத்தவளுக வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பாளுக.

என்ன கேட்ட? இவ்ளோ பெரிய செருப்பு எதுக்கா?

இத்தனை வருசமா எங்க உப்பைத் தின்னுற. எங்க பாஷையில எனக்குக் கேக்காத மாதிரி என்னைத் திட்டக்கூட கத்துக்கிட்ட. இது மட்டும் தெரியாதா? ம்... தெரிஞ்சிருக்க வழியில்லதான். நானே கண்ணால பாத்ததில்ல. எங்க அப்பா ஊருல ஒரு வீட்டுல நடந்துச்சுன்னு கேள்விப்பட்டதோட சரி. கேட்டுக்க. மூணு வயசு எருதை வெட்டணும். அதோட வலது முன்னங்கால் தோலை உரிச்சு ஒரு செருப்பு தைக்கணும். ஒத்தைச் செருப்பு, வலது காலுக்கு. அதை மதுத் தொட்டி பக்கத்துல வெப்பாங்க. முதல்ல எங்க வீட்டுக்காரரு அதுல கால் வெப்பாரு. அடுத்து உன் மகன் ஹாரெக். அவனுக்கு அடுத்து என் மகன் ஸ்டெய்னார். அப்புறம் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா. எல்லார் காலும் அந்த ஒரே செருப்புக்குள்ள போயிட்டு வந்துச்சுன்னா, அடிமை வயித்துல பொறந்தவன் அந்த நிமிசத்துல இருந்து இந்த வீட்டுப் பிள்ளை. நிலத்துல பாதி. பெஞ்சுல இடம். செத்தா மேட்டுல இவரோட அப்பா தாத்தா பக்கத்துல குழி.

ஆமா, அவனை விட்டாச்சுதான். போன வருசமே விடுதலை மது ஊத்தி, கழுத்துல இருந்த பட்டையைக் கழட்டியாச்சு. அது வேற, இது வேற. விட்டுவிட்ட அடிமை வாசல் வரைக்கும் வரலாம். வாரிசுன்னா வீடே அவனோடது.

அதான் இவ்ளோ பெருசா தைக்கிறேன். இவருக்கு வீங்கின காலு. உன் பையனுக்கு அவங்கப்பா மாதிரியே துடுப்பு மாதிரி காலு. நம்ம சொந்தத்துல இருக்கிற கால் எல்லாம் உனக்குத் தெரியாததா, அத்தனைக்கும் தண்ணி ஊத்திக் கழுவினவதானே நீ. சின்னதா தெச்சு எவனாவது பாதியில மாட்டிக்கிட்டு நின்னான்னா, அதுக்கும் ஏதாவது சகுனம் சொல்லுவாங்க.

ஊசியைக் குடு. இந்தா, இது இல்ல, எலும்பு ஊசி. ஐயோ, கையை எடு, குத்திடப் போறேன்.

யாராவது ஒருத்தர் மாட்டேன்னு சொன்னாவா? சித்தப்பன் பெரியப்பன் மாட்டேன்னா, போடா வெங்காயம்னு விட்டுடலாம். வாரிசு மாட்டேன்னா முடிஞ்சுது. எருதும் வீண், மதுவும் வீண். ஸ்டெய்னார் கால் உள்ள போகணும். தானா போகணும். பிடிச்சுத் திணிக்க முடியாது. சட்டம் தெரிஞ்ச கிழவன் ஒருத்தன் கூடத்துல உக்காந்து மோர் குடிச்சுட்டு இருக்கான் பாரு, அவன் வந்ததே அதைப் பாக்கத்தான்.

வருவான். வருவான்னு சொல்றேன்ல. தோலைப் பிடி.

உனக்கு என்னடி, கால் வெச்சதும் உன் மகன் பெரிய மனுசன். எனக்கு இருக்கிற எரிச்சல் உனக்குத் தெரியாது. கால் வெக்கிறதுக்கு முன்னாடி இவரு எல்லார் முன்னாலயும் தட்டுத் தடுமாறியாவது சில வார்த்தை சொல்லணும். இவனை என் சொத்துக்குள்ள கூட்டிக்கிறேன், என் இடத்துக்குள்ள கூட்டிக்கிறேன், இவனைப் பெத்தவளை நான் பரிசம் போட்டுக் கட்டிக்கிட்டு வந்தது மாதிரியே இவனுக்கு எல்லாம் உண்டுன்னு. கேட்டியா? பரிசம் போட்டுக் கட்டினது மாதிரியே! என்னையல்லவா அப்படிக் கட்டிக்கிட்டு வந்தாரு. எங்கப்பா மூணு வாட்டி திருப்பி அனுப்பினாரு, இவரு மூணு வாட்டியும் பனியில படகு தள்ளிக்கிட்டு வந்து நின்னாரு. சாவிக் கொத்தை என் இடுப்புல மாட்டினப்போ அத்தனை பேரும் பெஞ்சைத் தட்டினாங்க. உன்னை எப்படிக் கூட்டிட்டு வந்தாரு? கயித்துல. வெண்கலப் பானை ஒண்ணு, உங்க கோயில் மணி ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல நீ. அந்த வார்த்தையை அவரு சொல்லும்போது நான் அவரு பக்கத்துல நிக்கணும். சிரிச்ச முகமா நிக்கணும். நின்னுக்கிறேன்.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கா? இருக்கும், எப்படி இல்லாம போகும். வைக்கிங் போறேன், கடல் தாண்டிக் கொள்ளையடிக்கப் போறேன்னு, வசந்தம் வந்தாப் போதும், இந்த ஆம்பளைங்களுக்கு உள்ளங்கால்ல அரிப்பு வந்துடும். விதைக்கிறது யாரு, அறுக்கிறது யாரு, மலைமேல மாட்டை ஓட்டிட்டுப் போய் கோடை முழுக்க வெண்ணெய் எடுக்கிறது யாரு? நான். ஸ்டெய்னாரை இடுப்புல வெச்சுக்கிட்டு படகுத்துறையில நின்னேன். அப்பதான் பல்லு முளைச்சு எல்லாத்தையும் கடிச்சுட்டு இருந்தான். படகுல இருந்து இவரு குதிச்சு வந்து என் தோளுல ஒரு தகடைக் குத்தி விட்டாரு. பொன்னு பூசினது, நடுவுல சிவப்புக் கல்லு. பாத்தியா, உனக்குன்னே எடுத்து வெச்சேன்னாரு. எனக்கு ஒரே பூரிப்பு. அப்புறம்தான் பின்னால உன்னைப் பாத்தேன்.

அதுலயும் நான் எவ்ளோ பெரிய முட்டாள்னு கேளு. தினம் காலையில நீ கஞ்சி கொண்டாந்து வைக்கும்போது என் தோளைப் பாத்துட்டு முட்டி மடக்கிக் குனிவ. நெஞ்சுல என்னமோ கோடு போட்டுக்குவ. நான் என்ன நினைச்சேன்? பரவாயில்லயே, நல்லா வளந்த பொண்ணு, எஜமானின்னா மரியாதை தெரியுதேன்னு. பக்கத்து வீட்டுக்காரிகிட்டக்கூடப் பெருமை அடிச்சுக்கிட்டேன். உங்க அடிமைங்க எல்லாம் எப்படியோ, என் அடிமை என் முன்னால முட்டி போடுவான்னு. நாலஞ்சு வருசம் கழிச்சு எவனோ ஒரு வியாபாரி வந்தப்போதான் சொன்னான், அம்மா, அது அவங்க கோயில்ல செத்துப்போன சாமியாரு எலும்பை வெக்கிற பெட்டியில இருந்து பேத்த தகடு, அவ கும்பிடுறது அதைன்னு. சிரிக்காதடி. சிரிக்காதன்னு சொல்றேன். அன்னிக்கு ராத்திரி அதைக் கழட்டிப் பெட்டிக்குள்ள போட்டவதான். உனக்கு அது கிடைக்கக்கூடாதுன்னும் இருந்துச்சு, எனக்கு அதைப் போட்டுக்கவும் கூசிச்சு.

சரி விடு. நூலை மெழுகுல இழு. இன்னும் இழு.

நீ என்ன நினைச்சுக்கிட்டு இருக்கன்னு எனக்குத் தெரியும். இவருக்கு உன் மேல இருக்கிற ஆசையிலதான் இதெல்லாம் நடக்குதுன்னு நினைக்கிற. அப்படித்தானே? வாயைத் தொறந்து சொல்லு. அடப் பைத்தியமே. போன குளிர்காலம் அவருக்கு ஒரு பக்கம் விழுந்ததுல இருந்து ஆசை எங்க இருக்கு, பாசம் எங்க இருக்கு? வாய் கோணிக்கிட்டு, எச்சில் வழிஞ்சுக்கிட்டு. தூக்கி உக்கார வெக்கிறது உன் மகன். கொல்லைக்கு முதுகுல சுமந்துட்டுப் போறது உன் மகன். என் மகன் என்னடான்னா, இந்த நாத்தத்துல எனக்குத் தூக்கம் வராதுன்னுட்டு படகுக் கொட்டகையில போய்ப் படுத்துக்கிட்டான். படகுக்குப் பூசுற கீல் நாத்தம் மட்டும் அவனுக்கு ரோஜாப்பூ வாசனை.

கேட்டது நான். ஆமாடி, நான்தான் இதைக் கேட்டேன். ஏன் இப்படி முழிக்கிற? அவரு காதுகிட்ட வாயை வெச்சு, ஹாரெக்கைச் செருப்புக்குள்ள கூட்டிக்குங்கன்னு சொன்னேன். அவருக்கு நம்பவே முடியல. நல்லா இருக்கிற கண்ணால என்னைப் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் அந்த ஒரு கண்ணுல இருந்து மட்டும் தண்ணி வந்துச்சு. எனக்கு அதைப் பாத்ததும் இன்னும் ஆத்திரம். உனக்காக அழுவுறாரேன்னு.

உன் மேல இரக்கம்னு நினைச்சுக்காத. உன் மகன் மேல பிரியம்னும் நினைச்சுக்காத. அவன் முகத்தைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுத்துறைதான் ஞாபகம் வரும். நல்ல பையன்தான், நான் இல்லன்னு சொல்லல. மாடு கன்னு போட முடியாமத் தவிச்சப்போ முழங்கை வரைக்கும் கையை விட்டு இழுத்துக் காப்பாத்தினான், அதைப் பாத்தேன். பாத்துட்டு நல்லா இருக்குடான்னு சொல்ல வாய் வரல எனக்கு.

எதுக்குக் கேட்டேன்னா, ஸ்டெய்னார் நிலத்தை விக்கப் போறான். எதிர்க்கரை கிரிம் இருக்கான்ல, அவன்கிட்ட. பேசி முடிச்சாச்சு. அப்பன் மூச்சு அடங்கின மறுநாள் நிலம் கிரிம்முக்கு, இவனுக்கு ஒரு கப்பல். நாப்பது துடுப்பு கப்பலாம், பாம்புத் தலை வெச்சதாம். இதை எங்க வெச்சு சொன்னான் தெரியுமா? சாப்பிடும்போது. அவங்கப்பனுக்கு எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு, கருவாட்டுக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே சொல்றான். அவருக்கு வாய்தான் கோணிச்சே தவிர காது கோணல. கையில இருந்த கிண்ணம் ஆடுச்சு. நான் போய்ப் பிடிச்சேன்.

என்னை என்னடா பண்ணுவன்னு கேட்டேன். அம்மா, நீங்க என்கூட ஐஸ்லாந்து வந்துடுங்க, இல்லன்னா மாமா வீட்டுல ஒரு மூலை கிடைக்காதா உங்களுக்குங்கிறான். மூலை! எங்க அண்ணன் பொண்டாட்டி எனக்கு மூலை குடுப்பாளா? குடுப்பா, கம்பளி நூக்கிற கம்பையும் சேத்துக் குடுப்பா, சாகுற வரைக்கும் நூத்துக்கிட்டே இருன்னு. இந்த வயசுல இடுப்புல சாவி இல்லாம, அடுத்தவ வீட்டுல, அவ பேரப்பிள்ளைங்க மூக்கைத் துடைச்சுக்கிட்டு. இந்த நிலத்துல எனக்குத் தெரியாத கல்லு கிடையாது, மூரின். எனக்குச் செத்துப் பொறந்த ரெண்டும் இந்த மேட்டோரத்துலதான் இருக்கு. அதுக மேல கிரிம் வீட்டுப் பன்னி மேயணுமா?

உன்னைப் பத்தியா? கேட்டேன், அதையும் கேட்டேன். அந்தக் கிழவியை எவன் வாங்குவான், நிலத்தோட சேத்துக் கிரிம்முக்கே இனாமா விட்டுடுறேன்னான். இப்பத் தெரியுதா, நாம ரெண்டு பேரும் ஏன் ஒரு தோலுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கோம்னு?

வாரிசு ஒருத்தன்தான்னா அவன் இஷ்டம், விக்கலாம். சொந்தத்துல இன்னொருத்தன் இருந்தா அவனைக் கேக்காம விக்கக்கூடாது. பெரியவங்க புதைஞ்ச நிலத்துக்கு அதுதான் சட்டம். உன் மகன் விக்க விடமாட்டான். அவன் மாட்டை விட்டு ஒரு நாள் பிரிஞ்சு இருக்கமாட்டான். அது போதும் எனக்கு. அவன் என்னை அம்மான்னு கூப்பிட வேணாம். கூப்பிட்டாலும் எனக்குப் பிடிக்காது.

நேத்து போய் ஸ்டெய்னார்கிட்ட நல்லவிதமா சொல்லிப் பாத்தேன். கொட்டகையில படகுக்குக் கீல் பூசிட்டு இருந்தான். கஞ்சி கொண்டுபோனேன், அவனுக்குப் பிடிச்ச மாதிரி தேன் ஊத்தி. ஊருல எல்லாரும் வர்றாங்கடா, சட்டக்காரக் கிழவன் வர்றான், அப்பாவோட கடைசி ஆசைடான்னேன். அடிமை கால் வெச்ச ஈரத்துல நான் கால் வெக்கணுமான்னான். அந்தச் செருப்புல மூத்திரம் வேணா பெய்யுறேன், கால் வெக்கமாட்டேன்னான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்றான், அம்மா, உங்களுக்கு வெக்கமா இல்லயா, ஊருல இருக்கிற பொம்பளை எல்லாம் சக்களத்தி பிள்ளையை வெரட்டப் பாப்பா, நீங்க மடியில தூக்கி வெச்சுக்கிறீங்களேன்னு. கஞ்சிக் கிண்ணத்தைக் கூட அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.

அவன் சொன்னது உன் காதுக்கும் வந்திருக்கும், அதனாலதான் நீ காலையில இருந்து பேயடிச்ச மாதிரி இருக்க. எனக்குத் தெரியும். ஹாரெக் என்ன பண்றான்? மாட்டுக் கொட்டகையிலயா? குளிச்சானா இல்லையா? தலையில வைக்கோலோட வந்து நிக்கப்போறான். போய்ச் சீப்பு குடு அவனுக்கு. இல்ல, நீ போகாத, நீ பிடி இதை. எருக்குழி வாசத்தோட வந்தாலும் வரட்டும், கால் மட்டும் சுத்தமா இருந்தாப் போதும்.

இன்னொண்ணு சொல்றேன், மனசைத் திடப்படுத்திக்க. நாளையில இருந்து அவன் பெஞ்சுல உக்காந்திருப்பான், நீதான் அவனுக்கு ஊத்தணும். அவன் உன்னைப் பாத்து எந்திரிக்கக்கூடாது. எந்திரிச்சான்னா ஊரே சிரிக்கும். உன்னை விடுறதுக்கு அப்புறமா வழி பண்றேன்னு அவருகிட்ட சொல்லியிருக்கேன். ஆனா அது எப்போன்னு எனக்கே தெரியாது. உன்னை விட்டுட்டா எனக்கு வேலைக்கு யாரு இருக்கா? உண்மையைத்தானே சொல்றேன்.

இரு, இரு. சத்தம் கேக்குதா? நாய் குலைக்கிற தினுசு வேற மாதிரி இருக்கு. கதவிடுக்கு வழியா பாரு. நீ பாரு, எனக்கு நூலு கையில இருக்கு.

யாரு?

ஸ்டெய்னாரா?

தனியாவா வர்றான்? கோடாலி எதுவும் கையில இல்லயே? நல்லாப் பாத்துச் சொல்லு.

வலது கால் வெறுங்காலா?

ம்.

வந்துட்டான்ல. சொன்னேன்ல. அப்புறம் என்ன, வந்து ஓரத்தைப் பிடி. இந்தா, கடைசித் தையல், இதை முடிச்சுக்கறேன். பல்லால கடிச்சு அறுக்கணும், கத்தி மழுங்கிக் கிடக்கு.

எப்படி வந்தான்னு கேக்குறியா.

இன்னிக்கு விடியும்போது மறுபடி போனேன். கஞ்சி எல்லாம் கொண்டு போகல. வாசல்லயே நின்னுக்கிட்டு சொன்னேன். ஸ்டெய்னாரு, நீ கால் வெக்கலன்னா நான் தொட்டி பக்கத்துல போய் நிப்பேன், சட்டக்காரன் காது கேக்க, கிரிம் காது கேக்க ஒண்ணு சொல்லுவேன், நீ ஹால்கெலுக்குப் பொறந்தவன் இல்லன்னு. அப்போ உனக்கு நிலமும் இல்ல, கப்பலும் இல்ல, பேரும் இல்லன்னேன்.

ஏண்டி வாயைப் பொத்துற? பொய்தான். பொய்யில்லாம வேற என்ன? அவன் மூக்கைப் பாரு, நடையைப் பாரு, கோபத்துல காது செவக்குறதைப் பாரு, அப்பனை உரிச்சு வெச்ச மாதிரி. இந்தக் கரை முழுக்க வேற ஒரு ஆம்பளை முகத்தை நான் நிமிந்து பாத்ததில்ல. கண்ணு இருக்கிற எவனுக்கும் அது பொய்னு தெரியும்.

அவன் கத்துவான்னு நினைச்சேன். கையில இருந்த கீல் சட்டியை என் மேல வீசுவான்னு நினைச்சேன். யாருன்னு கேப்பான்னு நினைச்சேன். கேட்டா சொல்றதுக்கு, அந்தக் குளிர்காலம் நம்ம வீட்டுல தங்கியிருந்த ஒரு கொல்லன் பேரைக்கூட தயாரா வெச்சிருந்தேன். பாவம், அந்த மனுசன் செத்து எத்தனையோ காலமாச்சு.

கேக்கவே இல்லடி.

என்னைப் பத்தி அதை அப்படியே நம்பிட்டான். கீழ குனிஞ்சான், வலது கால் செருப்பைக் கழட்டினான்.

தூக்கு. கூடத்துக்குக் கொண்டு போவோம். நீ பின்னால வா.